சத்தம் குறைவான மெஷின்

ஜெனரேட்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது சத்தத்தைப் பற்றித்தான். வாடகைக்கு வரப்போகிறவரின் கைக்குழந்தையைப் பற்றி விசாரிப்பதுபோல, “ரொம்பக் கத்துமா?” என்பார்கள். இருபத்தாறு வருடமாக இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே என் தொண்டை பாதி போய்விட்டது. அடுத்த கேள்வி, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும். அதற்கடுத்தது வாரண்டி. புகை எங்கே போகும் என்று கேட்டவர்கள் இத்தனை வருடத்தில் மொத்தம் நான்கு பேர். அதில் ஒருவர் தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர், அவரைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீங்களும் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை ஐயா. நீங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இது விபத்து, யாரும் எதுவும் செய்திருக்க முடியாது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னீர்கள். விசாரணை அதிகாரிகள் எல்லோரும் அப்படிப் பேசுவதில்லை. ஃபைலை மூடிவிட்டதாகவும் சொன்னீர்கள். அதைத் திறக்க வேண்டியிருக்கும், அதற்குத்தான் வந்தேன். அவசரமில்லை. அந்தச் சாயாவை ஆறவிடாமல் குடித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.

கேரவன் ஏ.சி.க்கு ஜெனரேட்டர் பார்ப்பது கொஞ்சம் மூளையைக் கசக்க வேண்டிய வேலை. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீடுதானே அது. நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். வெயிலில் நிறுத்தினால் உள்ளே மனுஷன் வெந்துபோவான். ஏ.சி. சின்னதுதான், ஓடும்போது ஆயிரத்து முந்நூறு வாட்ஸ் இழுக்கும். ஆனால் கம்ப்ரசர் கிளம்புகிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அப்போது மூன்று மடங்கு கேட்கும். அந்த நொடியைத் தாங்காத மெஷின் முக்கி முனகி நின்றுவிடும். வெயில் ஏற ஏற மெஷினுக்கும் தெம்பு குறையும். அதனால் கணக்குப்படி மூவாயிரத்து எண்ணூறு, நாலாயிரம் வாட்ஸ் மெஷின் கொடுக்க வேண்டும். அது திறந்த இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு ஊரைக் கூட்டும். பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவரும் கண்ணயர முடியாது. ஜனங்கள் தாங்களாகவே அதைக் கொண்டுபோய்த் தூரத்தில் வைத்துவிடுவார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. ஏ.சி.க்குள் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்ன டப்பாவைப் பொருத்தினால் கம்ப்ரசர் மெல்லக் கிளம்பும். அப்புறம் இரண்டாயிரத்து இருநூறு வாட்ஸ் இன்வெர்ட்டர் ரகப் பெட்ரோல் மெஷினே போதும். பார்க்க சூட்கேஸ் மாதிரி இருக்கும், ஒரு கையால் தூக்கலாம். இரண்டு பேர் பக்கத்து அறையில் பேசிக்கொள்கிற அளவுக்குத்தான் சத்தம். தலைமாட்டில் வைத்துக்கொண்டுகூடத் தூங்கலாம் என்று தோன்றும். தோன்றுவதுதான் ஆபத்து. புகையைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே ஜாதி.

மாப்பிள்ளைக்கு நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருக்கிறது. செத்துப்போன பெரிய முதலாளி கொண்டுவந்தது. எந்த மெஷின் விற்றாலும் இருபது மீட்டர் சிவப்புக் கேபிள் ஒரு சுருள் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். வேண்டாம் என்றாலும் விடக் கூடாது. அதோடு விற்கிறவன் வாங்குகிறவரைக் கடைவாசலுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து இருபது தப்படி எண்ணி நடந்து, நின்று, “உங்க வீடு அங்க, மெஷின் இங்க” என்று கையைக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் எனக்கு ‘தப்படி’ என்றே பேர் வைத்திருந்தார். மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்காகப் பாதியில் நாற்காலி போட்டு உட்காரவைத்து மீதியை நடந்து காட்டியிருக்கிறேன். இருபத்தாறு வருடத்தில் என் கையால் மெஷின் வாங்கிப்போன ஒரு வீட்டிலும் ஒரு குழந்தைக்குக்கூட எதுவும் ஆனதில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பது உங்கள் எழுத்தில் வரவேண்டும்.

இனி என் மகளைப் பற்றி. முப்பத்திரண்டு வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். அவள் அம்மா போய் ஒன்பது வருடமாகிறது. அதற்கப்புறம் வீட்டை அவள்தான் பார்த்துக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு வருவாள், செருப்பைக் கழற்றும்போதே “சாப்பிட்டீங்களாப்பா?” என்பாள். நான் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவள் இல்லாமல் நான் சாப்பிட்டதே இல்லை. எட்டு மணிக்கு இரண்டு தட்டு. எனக்கு நகம் வெட்டிவிடுவதுகூட அவள்தான், குனிந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஒன்பது வருடம் நாங்கள் சண்டை போட்டது ஒரே ஒரு முறை, அதுவும் மின்விசிறியின் வேகத்துக்காக.

அவள் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றபோது நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். மாப்பிள்ளை பாலம் கட்டுகிற கம்பெனியில் கான்கிரீட் மேற்பார்வையாளர். நல்ல மனுஷன். இதை நான் மனதாரச் சொல்கிறேன். குடி கிடையாது, குரல் உயர்த்த மாட்டார். நான் நாற்காலியில் இருந்தால் அவர் நின்றுகொண்டே பேசுவார். முதல் வருடம் இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு இருந்தார்கள். பாப்பா காலையும் மாலையும் வந்துபோனாள். எட்டு மணிக்கு மூன்று தட்டு. அது எனக்குப் பழகிவிட்டது என்றே சொல்லலாம்.

அப்புறம் ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஆற்றுப்பால வேலை வந்தது. அது முடிந்தால் அடுத்த பாலம், அதற்கடுத்தது இன்னும் தூரம். ஒவ்வொரு ஊரிலும் வீடு தேடி அலைய முடியாது என்று பழைய கேரவன் ஒன்றை வாங்கிவிட்டார்கள். பாப்பா அதை எனக்குச் சுற்றிக் காட்டினாள். அடுப்பு இங்கே, அலமாரி இங்கே, ஜன்னலை ஒட்டிக் கட்டில். கடைசியில் சுவரிலிருந்து ஒரு பலகையை இழுத்தாள், அது படுக்கையாக விரிந்தது.

“இது உங்களுக்குத்தாம்பா. எப்ப வேணா வந்து எத்தன நாள் வேணா இருக்கலாம்” என்றாள்.

அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். பலகையைத் திரும்ப மடக்கியதும் சுவரோடு சுவராகிவிட்டது, படுக்கை இருந்த அடையாளமே இல்லை. நான் நன்றாக இருக்கிறது என்றேன். வீட்டுக்கு வந்து அன்று ஒரு தட்டு வைத்துச் சாப்பிட்டேன். எனக்குக் கோபம் இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. யார்மேல் என்றுதான் உடனே தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், பாப்பா மனம் மாறவில்லை, ஒரு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். அந்த ஆள் இல்லையென்றால் அவள் திரும்பி வருவாள். அவள் அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன். ஒரு வருடத்தில் சரியாகிவிடும். அவள் அம்மா போனபோதும் ஒரு வருடத்தில் சரியானது.

பாலத்தில் வெயில் காலத்தில் ராத்திரிதான் கான்கிரீட் போடுவார்கள், பகல் சூட்டில் போட்டால் வெடிப்பு விழும். அதனால் மாப்பிள்ளைக்குத் தூக்கம் பகலில்தான். பாப்பா அங்கேயும் ஒரு க்ளினிக்கில் வேலை பிடித்துவிட்டாள், காலை ஒன்பதுக்குப் போய் ஆறுக்கு வருவாள். கேரவன் நிற்கப்போகிற இடத்தில் கரண்ட் கிடையாது. “மாமா, நீங்களே ஒரு மெஷின் பாத்துக் குடுங்க, உங்கள விட யாருக்குத் தெரியும்” என்று ஊரை விட்டுக் கிளம்பும் முன்னால் மாப்பிள்ளைதான் கடைக்கு வந்து கேட்டார். நான் யாரையும் தேடிப் போகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்ன மெஷினை எடுத்து வைத்தேன். சாஃப்ட் ஸ்டார்ட்டரை நானே போய்ப் பொருத்திக் கொடுத்தேன், அந்த வேலை சுத்தமாக இருக்கும், வேண்டுமானால் பிரித்துப் பாருங்கள். சிவப்புக் கேபிள் ஸ்டாக் இல்லை என்று சொல்லி, கைவசம் இருந்த மூன்று மீட்டர் ஒயரைக் கொடுத்தேன். என் தலைக்குப் பின்னால் பதினோரு சிவப்புச் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மாமனார் முன்னால் நிமிர்ந்து பார்க்காத மனுஷன். வாசலுக்கும் நாங்கள் போகவில்லை. வீட்டு ஆளுக்குப் போய்த் தப்படி எண்ணிக் காட்டினால் பூட்டுக்கடைக்காரர் சிரிப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு பேர் புகையைப் பற்றிக் கேட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா. நான்காவது ஆள் மாப்பிள்ளை. கிளம்பும்போது, ஏதோ தப்பாகப் பேசுகிறவர் மாதிரித் தயங்கி, “ஜன்னலுக்குக் கிட்ட வெச்சா பொக ஒண்ணும் உள்ள வராதே மாமா?” என்றார்.

“இது புது மாடல் மாப்ள. பொகையே தெரியாது” என்றேன்.

அது பொய் இல்லை. தெரியாது. அதிலிருக்கிற விஷவாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. வேறு யாராவது அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு கேள்வி கேட்டிருப்பார். பாலத்தில் ஒரு மூட்டை சிமெண்டை மூன்று முறை சரிபார்க்கிறவர். ஆனால் மாமனாரை இரண்டாவது முறை கேட்பது அவருக்கு மரியாதைக் குறைவு. தலையாட்டிவிட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்.

உங்கள் மேசைமேல் இந்தக் கவரை வைக்கிறேன். உள்ளே இருப்பது அந்தக் கேரவனின் விஷவாயு அலாரம். கூரையோரம் மாட்டியிருந்தது. காலாவதியாகிவிட்டது என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்ததாம். புதுசு வாங்கித் தரச்சொல்லி மாப்பிள்ளை கழற்றிக்கொண்டு வந்தார். பார்த்து அனுப்புகிறேன் என்று வாங்கி டிராயரில் போட்டேன். புதுசு கடையிலேயே இருந்தது. இதைத் தவிர உங்களுக்கு வேறு ஆதாரம் கிடைக்காது.

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மாப்பிள்ளை அந்த மூன்று மீட்டர் ஒயரை முடிந்தமட்டும் இழுத்து, மெஷினை வண்டியை விட்டுத் தள்ளித்தான் வைத்திருந்தார். கெட்டிக்காரர்தான். மழை வந்தால் நனைந்துவிடும், சைட்டில் திருட்டு பயம் வேறு என்று சொல்லி, நான்தான் அதைத் தூக்கிவந்து ஜன்னலுக்குக் கீழே, சக்கரத்துக்கும் மதில் சுவருக்கும் நடுவில் வைத்துச் சங்கிலி போட்டேன். சாவியை அவரிடமே கொடுத்தேன். மத்தியானம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். பாப்பா என் தட்டில் இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தாள்.

பத்து நாள் எதுவும் ஆகவில்லை. ஆற்றங்கரை, நல்ல காற்று. பாப்பா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். அவருக்கு எழுந்திருக்கும்போது தலை பாரமாக இருக்கிறதாம் என்று இரண்டு தடவை சொன்னாள். ராத்திரி வேலை பழகும்வரை அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் நம்பினாள். பதினோராவது நாள், புதன்கிழமை, மரத்தில் ஒரு இலை அசையவில்லை. எங்கள் கடை வாசலில் நின்றே பார்த்தேன், அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் எழுதிய அறிக்கையைப் படித்தேன். ஜெனரேட்டரைக் கணவர் அஜாக்கிரதையாக ஜன்னலருகே வைத்ததால் கணவன், மனைவி இருவரும் இறந்தார்கள் என்று இருக்கிறது. சம்பந்தியம்மாவுக்கும் யாரோ அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பதினாறு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றார். பெற்ற ஒரே பிள்ளையைப் பறிகொடுத்தவர், என்னிடம் கைகூப்பி நின்றார்.

“எம் புள்ள உங்க பொண்ணையும் சேத்துக் கொண்டு போயிட்டான். அவன மன்னிச்சிடுங்க அண்ணா” என்றார்.

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செய்யாத தப்பை ஒருவர் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். நான் செய்ததை நான் ஒப்புக்கொள்கிறவன். எழுதிக்கொள்ளுங்கள்: மாப்பிள்ளையைக் கொன்றது நான். யோசித்து, திட்டம் போட்டு, என் தொழில் அறிவைப் பயன்படுத்திக் கொன்றேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. இதை அந்த அம்மாவுக்கு நீங்களே நேரில் போய்ச் சொல்லிவிட்டால் நல்லது.

பாப்பா விஷயம் வேறு. அதைத் தனியாக எழுதுங்கள், எந்தத் தலைப்பில் என்று எனக்குத் தெரியவில்லை. புதன்கிழமை அவள் க்ளினிக்கில் இருக்க வேண்டியவள். நான் எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் கடைசியாகப் பேசியது என்னிடம் என்று நீங்கள்தான் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். மத்தியானம் ஒன்று பத்து, மூன்று நிமிடம் பதினெட்டு வினாடி. சாகும் முன்னால் அப்பாவிடம் பேசியிருக்கிறாள், அதுவே உங்களுக்கு ஒரு ஆறுதல் என்றீர்கள். என்ன பேசினாள் என்று கேட்டீர்கள். சும்மாதான், வழக்கம்போல என்றேன். அது மட்டும்தான் நான் உங்களிடம் சொன்ன பொய்.

அவள்தான் கூப்பிட்டாள். இந்த நேரத்தில் கூப்பிடுகிறாளே, க்ளினிக்கில் இல்லையா என்று கேட்டேன்.

“டாக்டர் ஊர்ல இல்லப்பா, லீவு விட்டுட்டாங்க. ஏசி போட்டுட்டு நானும் இவர் கூடவே படுத்துட்டேன்” என்றாள். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. “ஒரே தலவலிப்பா. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. இவர எழுப்பினா எந்திரிக்கவே மாட்டேங்கறாரு. எனக்கும் கண்ணு சொருகுது. வெயிலாலயா இருக்கும்?”

ஐயா, நான் அவசரப்படுகிறவன் இல்லை. கடையில் அப்போது ஆளில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். கதவைத் திறந்து வெளியே வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவாள். என் பேச்சை அவள் தட்டியதில்லை. தவழ்ந்தாவது வந்திருப்பாள். வெளிக்காற்று பட்டதும் தெளிந்துவிடும். தெளிந்ததும் யோசிப்பாள். ரத்தத்தைப் பார்த்தே வியாதி சொல்கிறவள், அவளுக்குப் பத்து நிமிடம் போதும். மெஷின் யார் கொடுத்தது, ஒயர் யார் கொடுத்தது, அலாரம் எங்கே, தலை பாரத்துக்குச் சமாதானம் சொன்னது யார். அப்புறம் என்னைப் பார்த்து, உங்களுக்கு எப்படிப்பா தெரியும் என்று கேட்பாள். அந்த முகத்தோடு அவள் என் வீட்டுக்குத் திரும்பி வரமாட்டாள். எட்டு மணிக்குத் தட்டு வைக்க மாட்டாள். எப்படிப் பார்த்தாலும் அவள் எனக்கு இல்லை.

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, “கொஞ்ச நேரம் தூங்கினா சரியாயிடுமாப்பா?” என்று கேட்டாள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கேட்கிற அதே குரல்.

“ஆயிடும்டா. தூங்கு” என்றேன்.

சரிப்பா என்றாள். போனை வைக்கக்கூட அவளுக்கு முடியவில்லை, நான்தான் அப்புறமாக வைத்தேன். இதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கொலை என்று மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கும் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னீர்கள். அசந்து தூக்கம் வருகிறது என்று சொல்கிற பிள்ளையை எழுப்பி உட்காரவைக்க எந்தத் தகப்பனுக்கு மனது வரும், நீங்களே சொல்லுங்கள்.